தொடை வலி வேறு, கெண்டைக்கால் வலி வேறு

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 56. பதினோரு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். கெட்ட கொழுப்பு 142 இருக்கிறது என்று போன ஆவணியில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 84-க்கு இறங்கியது. ஆனால் கோலம் போட்டுவிட்டு எழுந்தால் இரண்டு தொடையும் இறுக்கிப் பிடித்தது. கடைத்தெரு வரை நடந்தால் வலது கெண்டைக்காலில் வலி. கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் 7.4-லிருந்து 7.9 ஆகிவிட்டது. கொழுப்பு மாத்திரை சர்க்கரையைக் கூட்டும், கல்லீரலைக் கெடுக்கும் என்று நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகிறது. தொடை வலி போய்விட்டது. கெண்டைக்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். திரும்ப ஆரம்பிக்கத்தான் வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு வலி இருக்கிறது. இரண்டையும் ஒரே மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

தொடை வலி மாத்திரையால் வந்திருக்கலாம். அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தொடை, இடுப்பு போன்ற பெரிய தசைகளில் வரும். ஆரம்பித்த சில வாரங்களில் தொடங்கும், நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கும். உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

கெண்டைக்கால் வலி அந்த ஜாடையில் இல்லை. ஒரு காலில் மட்டும், நடந்தால் வருகிறது, நின்றால் விடுகிறது, மாத்திரையை நிறுத்தியும் போகவில்லை. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் கொழுப்பு படிந்து குறுகினால் இப்படித்தான் வலிக்கும். நடக்கும் தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது, குழாயால் கொடுக்க முடியவில்லை. நான் பரிசோதிக்காமல் அதுதான் என்று சொல்ல மாட்டேன். முதுகெலும்பு நரம்பு அழுந்தினாலும் ஏறக்குறைய இப்படி வலிக்கலாம். ஆனால் பதினோரு வருஷச் சர்க்கரைக்காரருக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தக் குழாயைத்தான். அதுவாக இருந்தால், எந்த நோய்க்காக மாத்திரை கொடுத்தார்களோ, அந்த நோயின் வலியைக் காட்டியே மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

சர்க்கரை ஏறுவதைப் பற்றி உங்கள் நாத்தனார் அனுப்பியது முழுப் பொய் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2012-இல் இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் சேர்க்கச் சொன்னது. ஆனால் எவ்வளவு ஏறும் என்று பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியில் பொதுவாக 0.1 அளவுக்குத்தான். உங்களுக்கு ஏறியிருப்பது 0.5. மீதிக்கு வேறு காரணம் தேடுங்கள். ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை, பாருங்கள். கல்லீரல் விஷயத்தில் பயம் அளவுக்கு மீறியது. ரத்தப் பரிசோதனையில் என்சைம் லேசாகக் கூடுவது உண்டு, பெரிய பாதிப்பு மிக அபூர்வம். வெறும் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்பதற்காக இந்த மாத்திரையை நிறுத்துவதில்லை.

இனி லாபத்தைப் பார்ப்போம். 2004-இல் வெளியான ‘கார்ட்ஸ்’ ஆய்வில், இதய நோய் இல்லாத, இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 2,838 பேரில் பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கு வருஷத்தில் போலி மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 6 பேருக்கு. நூறு பேர் சாப்பிட்டால் மூன்று பேர் தப்பிக்கிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது நான்கு வருஷத்துக் கணக்கு, உங்களுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. காலில் அடைப்பு என்று தெரிந்தால் உங்கள் ஆபத்து இன்னும் கூடுதல், அப்போது லாபமும் கூடுதல்.

லண்டனில் நடந்த இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் வெறும் டப்பா என்று கொடுத்தார்கள். எந்த மாத்திரை எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் பட்ட தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் நடித்தார்கள் என்று அர்த்தமில்லை, வலி நிஜம். மாத்திரையைப் பயந்துகொண்டே விழுங்கும்போது உடம்பு ஒவ்வொரு சுளுக்கையும் கவனிக்கிறது. உங்கள் தொடை வலியும் இந்த ரகமா என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. மறுபடி ஆரம்பித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு முன் சில பரிசோதனைகள். தைராய்டு குறைந்தால் தசையும் வலிக்கும், கொழுப்பும் ஏறும். அதைச் சரிசெய்தால் இரண்டும் இறங்கும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், கால் எரிச்சலும் மரத்துப்போவதும் அதனால் வரும். தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே., வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்வேன். இன்னொன்று: படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரை சாப்பிட்டீர்களா? சர்க்கரைக்காரர்களுக்குத் தோல் டாக்டர் அடிக்கடி எழுதுவது. அது அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு எகிறும், தசை வலி அதனாலேயே வரலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இப்படித்தான். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இந்த மாத்திரையா, ஒன்றுமே வேண்டாமா என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்காதீர்கள். அளவைக் குறைக்கலாம். ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் 5 மில்லிகிராமுக்கு மாறலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாம். இலக்கை எட்டாவிட்டால் எசெடிமைப் 10 சேர்க்கலாம், அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும் என்பதால், சிறிய அளவோடு எசெடிமைப் சேர்ப்பது பலருக்கு நல்ல வழி. எதுவுமே ஒத்துவராதவர்களுக்கு பெம்பெடோயிக் ஆசிட் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரை இருக்கிறது, யூரிக் ஆசிட் ஏறுகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். உங்களைப் போன்றவருக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள், ஆக 84-கூட இன்னும் இலக்கை எட்டவில்லை. வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை. 142-ஐ அது 70 ஆக்காது, அவ்வளவுதான்.

மறுபடி தொடங்கிய பிறகு கை கால் தளர்ந்து, சிறுநீர் வரகாப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மிக அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். காலில் ஆறாத புண்ணோ, விரல் கறுப்பதோ, உட்கார்ந்திருக்கும்போதே வலியோ வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

டாக்டர் திட்டுவார் என்கிறீர்கள். திட்டட்டும். நீங்கள் நிறுத்தியது தெரியாமல் அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து 40-ஆக ஏற்றிவிடுவார். அதைவிடத் திட்டு மேல். இந்த வாரமே போங்கள். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், எந்த வலி எப்போது போனது, எத்தனை தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் காட்டுங்கள். அவர் பாத நாடியைத் தொட்டுப் பார்க்காமல் சீட்டு எழுதப் போனால், “கணுக்காலில் பிரஷர் பார்த்து, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.