ஞாபகசக்திப் பயிற்சிக்கு ரூ.32,000 கட்டலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. விடியற்காலை 4 மணிக்கே எழுந்து படிக்கிறாள். கேட்டால் "எல்லாம் தெரியும்மா" என்பாள். பரீட்சையில் பாதி வரவில்லை என்று அழுகிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் மறதி. பேசிக்கொண்டே இருப்பவன் சில சமயம் அப்படியே பார்த்தபடி நின்றுவிடுவான். பள்ளி வழியாக வந்த ஒருவர், மிட்பிரெயின் ஆக்டிவேஷன் பயிற்சியும் கைரேகை ஸ்கேனும் சேர்த்து இருவருக்கும் ரூ.32,000 என்றார். ரூ.3,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? - வாசகி, திருச்செங்கோடு

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மகளுக்கு ஞாபகசக்தியில் கோளாறு என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எதுவுமே இல்லை. மகன் விஷயம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

"எல்லாம் தெரியும்" என்று மகள் சொல்வது பொய்யில்லை. புத்தகம் திறந்திருக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகின முகமாகத் தெரியும். பரீட்சையிலோ வெள்ளைத்தாள் மட்டும்தான் இருக்கும். பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒன்று, பார்க்காமல் வரவழைப்பது வேறொன்று. திரும்பத் திரும்ப வாசிப்பவர்களுக்கு முதலாவதுதான் பழகுகிறது.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் சொன்னார்கள். ஒரு முறை வாசித்து, அடுத்த முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் சொன்னது 75 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து முடிவு தலைகீழானது: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்த கையோடு உங்களிடம் கடகடவென்று ஒப்பிக்கும் பெண் பரீட்சையில் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே இன்றைக்கே முறையை மாற்றச் சொல்லுங்கள். டிஎன்ஏ இரட்டிப்பாதல் பாடத்தில் மெசல்சன் - ஸ்டால் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை நிதானமாகப் படித்துப் புத்தகத்தை மூடட்டும். கன நைட்ரஜன் எதற்கு, முதல் தலைமுறையில் எத்தனை பட்டை, இரண்டாம் தலைமுறையில் எத்தனை என்று வெறும் தாளில் எழுதட்டும். விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். மறுநாள், மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து இதையே மறுபடி செய்யட்டும். முதல் சில நாள் "ஒன்றுமே வரலையே" என்று கலங்குவாள். வராததைத் தேடி எடுக்கும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது. கூடவே ஆறுதலாக இதையும் சொல்லுங்கள்: 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்தார். ஒரே நாளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. மறதி எல்லோருக்கும் உள்ளது.

4 மணிக்கு எழுப்புவதையும் நிறுத்துங்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. ஆனால் நம் பள்ளிகள் எங்கே தூங்க விடுகின்றன? காலையில் சிறப்பு வகுப்பு, இருட்டும்வரை தேர்வு, மதிப்பெண் குறைந்தால் இம்போசிஷன். புத்தகத்தைப் பார்த்துப் பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும். இதை எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறோம்! பிள்ளைகளின் தூக்கத்தைப் பறித்துவிட்டு, அவர்களுக்கு மறதி என்று பெற்றோரை வரவழைத்துக் குறை சொல்வது அநியாயம்.

அந்த அநியாயத்தில்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். மிட்பிரெயின் என்கிற நடுமூளை எல்லோருக்கும் பிறவியிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கிறது. கண்ணை அசைப்பது, சத்தம் வந்த பக்கம் திரும்புவது போன்றவற்றில் அதற்குப் பங்கு உண்டு. தூண்டிவிட அங்கே எதுவும் உறங்கிக் கிடக்கவில்லை. பயிற்சி பெற்ற குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிறார்கள் என்று காட்டுவார்கள். கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் குழந்தை பார்க்கிறது. புத்தகத்தை அதன் தலைக்குப் பின்னால் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், முடியாது. இதில் பணத்தைவிடப் பெரிய கேடு, பெரியவர்களை ஏமாற்றக் குழந்தை பழகுவது. கைரேகையோ தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. அதை வைத்துப் பிள்ளை எதைப் படிக்கும் என்று சொல்ல அறிவியலில் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பிறகும் இவர்களைப் பள்ளிக்குள் விடுவது யார் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஞாபகசக்தி மாத்திரை, டானிக் என்று அடுத்து வருபவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி மகன். ஏஜென்ட் இவனையும் அதே கணக்கில் சேர்த்திருக்கிறார். எனக்குக் கவலை இங்கேதான். பேச்சின் நடுவே அப்படியே பார்த்தபடி நிற்பது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வலிப்பு என்றால் கைகால் இழுக்கும், நுரை தள்ளும் என்றுதான் நினைக்கிறோம். இதில் அவை எதுவும் இராது. சுமார் பத்து நொடி நினைவு அறுந்துபோகும். கையில் பிட்ட தோசை கையிலேயே நிற்கும், பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், இமை படபடக்கலாம். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவான். அவனுக்கே அது தெரியாது. ஒரே நாளில் பல தடவை வரக்கூடும். வகுப்பில் அந்த நொடிகளில் டீச்சர் சொன்னது அவனுக்குள் போகவே இல்லை. போகாததை எப்படி மறக்க முடியும்? பள்ளியோ டைரியில் "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பும்.

பகல் கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இதில் தொட்டாலும் கூப்பிட்டாலும் அந்த நொடிகள் முடியும்வரை திரும்பாது. அடுத்த முறை நின்றால் உடனே செல்போனில் படம் பிடியுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வலிப்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு மாத்திரையில் கட்டுப்படுகிறது, பலருக்கு வளர வளர நின்றும்விடுகிறது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கிணற்றில் நீச்சலுக்கோ, ரோட்டில் தனியாகச் சைக்கிளிலோ அனுப்பாதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தவும் வேண்டாம்.

முன்பணத்துக்கு ரசீதோ, ஜிபே பதிவோ இருந்தால் பத்திரமாக வையுங்கள், அவர்கள் கொடுத்த நோட்டீஸையும் சேர்த்து. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் மகனை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.