நூலகத்துக்குள் ஒரு நூல் நுழைவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நூலகங்களைப் பற்றி வந்துள்ள கேள்விகளுக்கு, ஊர்ப்புற நூலகத்தில் பணியைத் தொடங்கிக் கிளை நூலகத்தில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து மறைந்த என் தந்தையார் சேர்த்து வைத்த நூல்கள் 800-க்குக் குறையாமல் வீட்டில் உள்ளன. அவற்றைக் கிளை நூலகம் ஒன்றுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது, அங்கிருந்த நூலகர் முதலில் பட்டியல் கேட்டார். பட்டியலைப் பார்த்துவிட்டு 60 நூல்கள் போதும் என்று சொல்லிவிட்டார். கொடுப்பதை வாங்கிக்கொள்ளக்கூட மனம் வராதவர்கள் எதற்காக நூலகம் நடத்துகிறார்கள்?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, பணியில் இருந்த காலத்தில் இதே வருத்தத்தை நானும் சிலருக்குத் தந்திருக்கிறேன். ஆனாலும் அந்த நூலகர்மீது குறை காண எனக்குத் தோன்றவில்லை. பட்டியல் கேட்டார் அல்லவா, அதுவே உங்கள் தந்தையாரின் நூல்களை அவர் மதித்தார் என்பதற்கு அடையாளம். மதிக்காதவராக இருந்திருந்தால் மூட்டைகளை இறக்கி வைக்கச் சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு, அவற்றைப் பிரிக்காமலே ஒரு மூலையில் கிடத்தியிருப்பார்.

இலவசமாக வரும் நூலுக்கும் செலவு உண்டு. ஒரு நூலை ஏற்றுக்கொண்டால் அதைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்க வேண்டும்; முகப்பிலும் உள்ளே ஒரு பக்கத்திலும் முத்திரை இட வேண்டும் (உள்ளே எந்தப் பக்கம் என்பதை நூலகங்கள் இரகசியமாக வைத்திருக்கும், ஆகவே அதை மட்டும் கேட்காதீர்கள்); பொருள் அறிந்து பகுப்பு எண் தீர்மானித்து முதுகில் ஒட்ட வேண்டும்; கட்டு தளர்ந்திருந்தால் பைண்டிங் செய்ய வேண்டும். பதிவேட்டில் ஏறிய கணத்திலிருந்து அந்த நூல் பொதுச் சொத்தாகிவிடுவதால், இருப்புச் சரிபார்க்க வருபவர்கள் கேட்கும்போது அதை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நூலகர்தான். ஒரே ஆள் பணியாற்றும் நூலகத்தில், அன்றாடம் நாளிதழ் படிக்க வருபவர்களையும் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவர்களையும் கவனித்துக்கொண்டே 800 நூல்களுக்கு இத்தனையும் செய்து முடிப்பதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். அதற்கிடையே அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் நூலின் இரண்டாம் படி, பாடத்திட்டம் மாறியபின் பயனற்றுப்போன உரைநூல், ராமபாணப் பூச்சி துளைத்த நூல் ஆகியவற்றுக்கு அவர் இடம் தர மறுத்தால், அந்த இடம் வேறொரு நூலுக்குக் கிடைக்கிறது என்றுதான் பொருள். பூச்சி ஒரு நூலோடு நிற்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மாங்காய் மண்டியிலிருந்து வாங்கிய அட்டைப்பெட்டிகளில் நூல்களை அடைத்து ஒரு மழைக்காலம் முழுவதும் பரணில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெரியவரை நான் அறிவேன். பெட்டியைத் திறந்தபோது நூல்களைவிடக் கரையான்தான் அதிகமாக இருந்தது.

மீதி 740 நூல்களை என்ன செய்வது என்பதுதான் இப்போது முக்கியமானது. தயவுசெய்து அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் 1950-க்கு முன் அச்சானவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு, நூல் என்றே நீங்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டீர்கள், அந்தத் தாள்களைப் பாருங்கள்: கோயில் திருவிழாத் துண்டறிக்கைகள், தலபுராணச் சிறுநூல்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், நம் பக்கத்து நடுகற்களைப் பற்றி யாரோ அச்சிட்ட குறுநூல்கள் முதலியவை. கதைப் புத்தகத்தை எங்கும் வாங்கலாம். இவை உங்கள் வீட்டில் அழிந்தால் எங்கும் கிடைக்காமல் போகக்கூடும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் இப்படித்தான் நூல்களோடு இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார்; அவர் மறைந்த பிறகு அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்தது. அதுவே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகத் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கி வருகிறது. கிளை நூலகம் வேண்டாம் என்று சொல்லும் தாளை ஆராய்ச்சி நூலகம் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டின் வேலையும் வேறு. தருமபுரியின் பழம்பெயரைத் தாங்கிய தகடூர் யாத்திரை என்ற பழந்தமிழ் நூல் முழுமையாகக் கிடைக்காமல் போய், புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் அகப்பட்ட பாடல்களாக மட்டுமே எஞ்சியிருப்பதைத் தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளையான உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் பட்டியலின் ஒரு படியை அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூல்களைப் பிரிக்காமல் தந்தையார் பெயரில் தனி அலமாரியில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடுங்கள். கொடை வேண்டாம் என்று நூலகங்கள் பின்வாங்குவதற்குப் பெரும்பாலும் அந்த நிபந்தனைதான் காரணமாகிறது.

கேள்வி: சொந்தச் செலவில் ஒரு கவிதைத் தொகுப்பை அச்சிட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு நூலகங்களில் அது இடம்பெற யாரைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: யாரையும் பார்க்க வேண்டாம், குறிப்பாகக் கிளை நூலகரைப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் கொள்முதல் அவர் கையில் இல்லை. பதிப்பாளர்கள் பேச்சில் ‘லைப்ரரி ஆர்டர்’ என்று சொல்லப்படும் நூலக ஆணை, சென்னையில் உள்ள பொது நூலக இயக்ககத்தின் வழியாக வருவது. முன்பு அறிவிப்பு வரும்போது படிகளைச் சுமந்து சென்று விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2024 முதல் இணையவழியில் பதிவு செய்யும் முறை வந்துள்ளது. உள்ளடக்கத்தோடு தாள், கட்டு, பக்க எண்ணிக்கை ஆகியவையும் கணக்கில் வரும். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் விலை பார்க்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருவதால், ஒரு பக்கத்தில் மூன்று வரி அச்சிட்ட கவிதை நூல்கள் சிலரால் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகின்றன. உங்கள் கவிதைக்கு வெற்றிடம் தேவைப்பட்டால் தாராளமாக விடுங்கள்; தேவையில்லாமல் விடாதீர்கள்.

இதற்கு முன்பாகவே நீங்கள் செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் நூல் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பாளரும் வெளியிட்ட 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஆசியவியல் கழக நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். சொந்தச் செலவில் அச்சிட்டவர் என்ற முறையில் நீங்களும் பதிப்பாளரே. பலர் இதை வீண் தபால் செலவாகக் கருதுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு படிகூட மிஞ்சாத காலத்திலும் அந்த நூலைக் கேட்டு வருபவருக்குக் கன்னிமாராவில் ஒரு படி இருக்கும் என்பதை நினைத்தால் அந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது. சர்வதேசத் தர நூல் எண் (ISBN) பெறவும் நம் நாட்டில் கட்டணம் கிடையாது. இன்னொன்று: நூலின் முதுகில் தலைப்பை அச்சிட்டிருக்கிறீர்களா? அலமாரியில் வாசகர் பார்ப்பது அதை மட்டுந்தான்.

கேள்வி: நூல்கள் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: உங்களிடமிருந்துதான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்ந்திருக்கும். உள்ளாட்சி அமைப்புகள் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. வசூலான வரி உரிய நேரத்தில் ஆணைக்குழுவின் கணக்குக்கு வந்து சேர்வதில்லை என்பது நூலகத் துறையினரின் பழைய முறையீடு. இதைத் தவிர, கொல்கத்தாவில் 1972-இல் நிறுவப்பட்ட ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசின் பங்களிப்போடு இணைத்து நூல்களுக்கு உதவி வழங்குகிறது. நூலகத்தில் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும் திட்டமும் உண்டு.

கேள்வி: ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய இருக்கிறோம். நூலக அலமாரியில் அம்மொழி நூல்கள் அரிதாகவே இருப்பது ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: நூல் தேர்வு சென்னையில் பெரும்பாலும் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக நடைபெறுவதால், எல்லையோரத்தின் தேவை அதில் கரைந்துபோகிறது. எந்த மொழி நூல் எத்தனை முறை இரவல் போயிற்று என்ற கணக்கு தேர்வு செய்பவர்களுக்கு ஒரு சான்று. இருக்கும் பத்து நூலும் இரவல் போகாமல் நின்றால் பதினோராவது வராது; பத்தே இருந்தால் யாரும் தேடி வருவதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க வாசகர்தான் தொடங்க வேண்டும். வேண்டிய நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பலர் கையெழுத்திட்டு, வாசகர் வட்டத்தின் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். ‘கன்னட நூல்கள் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும்.

கேள்வி: நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பகுப்பு முறை ஒன்றைக் கண்டுபிடித்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நம்மவர். அப்படியிருக்க, பொது நூலகங்களில் அமெரிக்கரான மெல்வில் தூயியின் முறையைப் பின்பற்றுவது ஏன்?
– கல்லூரி மாணவர், அரூர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. சீர்காழிக்காரரான ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளின் பல கூறுகளைப் பிரித்துச் சேர்த்து எண் அமைப்பது. லண்டன் கடையில் ஒரு விளையாட்டுக் கருவியின் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டியதைப் பார்த்தபோது அந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்பார்கள். நுட்பமான ஆராய்ச்சி நூல்களுக்கு அது பொருத்தமானது. ஆனால் எண் நீளமாகும். அமைப்பதற்கும் பயிற்சி வேண்டும். 1876-இல் வந்த தூயி தசம முறையில் எண்கள் ஆயத்தமாக இருக்கின்றன; உலகெங்கும் உள்ள நூற்பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியும். தமிழ் இலக்கியத்துக்கு அதில் கிடைத்திருப்பது 894.811 என்ற எண். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கத்தில் இடம் கிடைக்க, ஈராயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டிருப்பது எனக்கு ஒவ்வொரு முறை முதுகில் ஒட்டும்போதும் உறுத்தியதுண்டு. அரூரில் சங்கப் பாடலைத் தேடி வருபவர் 894-ஐத் தாண்டி அடுத்த புள்ளியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு நூலக அறிவியல் படிக்க விரும்புகிறாள். முத்திரை குத்தும் வேலைக்கு எதற்குப் படிப்பு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நானும் குழம்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், பர்கூர்

பதில்: அம்மா, முத்திரை குத்துவது மட்டும் வெளியில் தெரிவதால் வந்த பேச்சு இது. எந்த நூல் இந்த ஊருக்குத் தேவை, எது ஏற்கெனவே இருக்கிறது, எதைக் கழித்துவிட வேண்டும், எதைக் கிழிந்தாலும் காப்பாற்ற வேண்டும் என்ற முடிவுகள்தாம் இந்த வேலை. இவற்றுள் கழிப்பதுதான் கடினமானது. பழைய பதிப்புச் சட்ட நூலைத் தவறாகக் கழித்தாலும் பரவாயில்லை, காலாவதியான மருத்துவ நூலைக் கழிக்காமல் விட்டால் யாரோ ஒருவர் அதை நம்பிவிடுவார்.

ரங்கநாதனே இந்த வேலையை விரும்பி வந்தவர் அல்லர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்து, சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் மீண்டும் கற்பிக்கப் போய்விடுகிறேன் என்று கேட்டார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகும் மனம் மாறவில்லையென்றால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே நூலகங்கள் ஊர்மக்களின் வாழ்க்கையோடு கலந்திருப்பதைக் கண்டு திரும்பியவர் பிறகு இத்துறையை விட்டு நகரவே இல்லை. 1929-லேயே சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக நூலகர் பயிற்சி வகுப்பும் தொடங்கினார். ஆகவே உங்கள் மகள் படிக்க விரும்பும் படிப்பு நேற்று முளைத்தது அன்று.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அரசு நூலகப் பணிகளுக்குத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. ஆனால் ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கல்லூரி நூலகராக முதுநிலைப் பட்டத்தோடு தகுதித் தேர்விலும் தேர்ச்சி வேண்டும். தனியார் பள்ளிகளில் இடம் கிடைக்கும், ஊதியம் குறைவு. பழைய நூல்களை மின்வடிவாக்கி விவரக்குறிப்பு எழுதும் பணிகள் பெருகி வருகின்றன. கணினிப் பழக்கத்தோடு பழந்தமிழ் அச்செழுத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அரிதாகவே கிடைக்கிறார்.

சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன், வரும் மே மாதத்தில் நூலகரிடம் கேட்டு உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மாதம் உடனிருந்து உதவச் சொல்லுங்கள். விடுமுறையில் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அவர்களில் ஒரு பிள்ளை நூலின் பெயரும் தெரியாமல், எழுதியவர் பெயரும் தெரியாமல், “போன வாரம் இங்கே இருந்த சிவப்பு அட்டைப் புத்தகம், அதில் ஒரு யானை வரும்” என்று மட்டும் கேட்கும். அந்தப் புத்தகத்தைத் தேடும்போது உங்கள் மகளுக்குச் சலிப்பு வருகிறதா, ஆவல் வருகிறதா என்று அவளிடமே கேளுங்கள்.