கணக்கு வரும், ஆங்கிலம் வராது: எதற்கு நேரம் ஒதுக்குவது?

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துப் பொறியியல் முடித்தவன் நான், இரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுகிறேன். வரும் நவம்பரில் ஐ.ஐ.எம். எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதவிருக்கிறேன். இதுவரை எழுதிய நான்கு மாதிரித் தேர்வுகளில் கணக்கில் 92, தரவு விளக்கத்தில் (அட்டவணை, வரைபடங்களைப் படித்து விடை காண்பது) 75, ஆங்கிலத்தில் 50 என்ற அளவில் பர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரைவிட முன்னே இருக்கிறேன் என்ற எண்) வருகிறது. வேலைநாளில் இரண்டு மணி நேரம்தான் படிக்க முடிகிறது. வராத ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டாமல், வருகிற கணக்கை 99க்கு உயர்த்தி ஈடுகட்டிவிடு என்கிறார் அறை நண்பர். அவர் சொல்வது சரிதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வையும் தமிழில் ‘கேட்’ என்றே எழுதிக் குழப்பிக்கொள்கிறோம், நீங்கள் கேட்பது மேலாண்மைப் படிப்புக்கான தேர்வு என்பதைப் பிற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நண்பரின் யோசனை மொத்த மதிப்பெண்ணுக்குப் பொருந்தும். இந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. உங்கள் ஊரில் பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் நிறுவனம் உட்பட ஐ.ஐ.எம்.கள் மொத்த பர்சன்டைலோடு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கின்றன. கணக்கில் 99 வாங்கினாலும் ஆங்கிலத்தில் அந்த அளவை எட்டாதவரை நேர்முகத்துக்கு அழைக்கமாட்டார்கள். நேரத்திலும் இதே நிலைதான். 2020இலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் 40 நிமிடம். முதலில் ஆங்கிலம், அடுத்து தரவு விளக்கமும் தர்க்கமும், கடைசியில் கணக்கு. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால் அதற்குத் திரும்ப முடியாது. கணக்கில் மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடத்தை ஆங்கிலத்துக்குக் கொடுக்கவும் முடியாது. தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு மற்றதற்குப் பிறகு வரலாம் என்று பொதுத்தேர்வில் நாம் பழகிய பழக்கம், ஒரு பிரிவுக்குள் மட்டுமே செல்லும்.

ஆகவே ஆங்கிலத்துக்கே முதலிடம் கொடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மூன்று பிரிவுகளில் மிக மெதுவாக உயர்வது அதுதான். கணக்கில் ஒரு பாடத்தை இரண்டு வார இறுதிகளில் பிடித்துவிடலாம். வாசிப்பு அப்படி வராது, மாதக்கணக்கில் ஊற வேண்டும். ஆனால் ஆங்கிலம் என்றதும் இலக்கணப் புத்தகத்தையும் அருஞ்சொல் பட்டியலையும் வாங்கிவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்துவந்த பலரும் செய்யும் தவறு இது. 2024 தேர்வில் ஆங்கிலப் பிரிவின் 24 கேள்விகளில் 16 வாசிப்புப் பகுதிகளிலிருந்தே வந்தன. மீதமுள்ளவை பத்திச் சுருக்கம், வாக்கிய வரிசை போன்றவை. நேரடி இலக்கணக் கேள்வி அண்மை ஆண்டுகளில் இல்லை. தத்துவம், அறிவியல், சமூக வரலாறு என நமக்குப் பழக்கமில்லாத துறைகளின் கட்டுரைகளை எடுத்துத் தினம் ஒன்றைப் படித்து, ஆசிரியர் எதை நிறுவுகிறார், யாரை மறுக்கிறார் என்பதை இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தவறில்லை. உங்களைப் போன்றவர்களின் விடைகளைப் பார்த்தவரை, சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இழந்த மதிப்பெண்ணைவிட, ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய கருத்தை அவருடைய கருத்தாகவே எடுத்துக்கொண்டு இழந்ததுதான் அதிகம். இதற்குத் தனி நேரம் தேவையில்லை. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே போதும்.

தரவு விளக்கத்தில் 75 என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. அங்கே பாடத்திட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கேள்விகள் நான்கைந்து தொகுதிகளாக வரும்; முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்து, எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வதே பாதி வேலை.

கணக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த பாடமும் மதிப்பெண் தரும் பாடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண்ணியலிலும் வரிசைமாற்றத்திலும் இரவு முழுவதும் ஆழ்ந்துபோகிறவர்களை அறிவேன். விகிதம், சதவீதம், வேலையும் நேரமும், சமன்பாடுகள் ஆகியவைதான் அண்மை ஆண்டுகளில் அதிகம் கேட்கப்படுகின்றன.

இவ்வளவும் நீங்கள் தந்த மூன்று எண்களை மட்டும் வைத்துச் சொன்னது. நான்கு மாதிரித் தேர்வுகளையும் மறுபடி எடுத்து, இழந்த ஒவ்வொரு கேள்வியையும் தெரியாமல் விட்டது, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது, அவசரத்தில் தவறியது என மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். புதிய பாடம் படித்துத் தீர்வது முதல் வகை மட்டுமே. இரண்டாம் வகை நிறைந்திருந்தால் எத்தனை அத்தியாயம் படித்தாலும் பர்சன்டைல் அசையாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேள்விகளைத் தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும். இப்போதைக்கு ஐந்து வேலைநாள்களின் பத்து மணி நேரத்தில் ஐந்தை ஆங்கிலத்துக்கும், மூன்றைத் தரவு விளக்கத்துக்கும், இரண்டைக் கணக்குக்கும் வைத்து, ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். செப்டம்பரில் ஆங்கிலம் 80ஐ நெருங்கியிருந்தால் இந்தப் பங்கீட்டை மாற்றுங்கள்; அப்போது உங்கள் நண்பரின் யோசனைக்கு ஓரளவு இடம் உண்டு.

கேள்வி: பலவீனமான பிரிவில் விடை தெரியாத கேள்விகளை அப்படியே விட்டுவிடுவதா, ஊகித்து எழுதுவதா?
(கல்லூரி மாணவி, அல்சூர்)

பதில்: சரியான விடைக்கு 3 மதிப்பெண், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடையளித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குத் தவறினாலும் மதிப்பெண் குறைவதில்லை. அவற்றை மட்டும் ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள்.