எலி மறந்தது வலி தெரியாததாலா?

சுங்கை சிப்புட் தம்பிக்கு, பீட்டா-எண்டார்ஃபின் (உடலே சுரக்கும் வலிகுறைக்கும் பொருள்) ஊசி போட்ட எலி, முதல் நாள் இறங்கியபோது காலில் ஷாக் வாங்கிய அதே மேடையிலிருந்து மறுநாள் தயங்காமல் இறங்குவது ஷாக் வலிக்காததால்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். (செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிக்கு இவ்வளவு மரியாதையா என்று தோட்டத்தில் கேட்பார்கள், போகட்டும்.)

ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள். இந்த வகைச் சோதனைகளில் எலி இறங்கி, காலில் ஷாக் வாங்கிய பிறகுதான் ஊசி. வலியை முழுசாக அனுபவித்தாயிற்று. அப்புறம் வலிநிவாரணம் எப்படிக் காரணமாகும்? பாதிப்பு வலியில் இல்லை, நினைவில். அதே நேரத்தில் நலோக்சோன் (எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்து) போட்டால் எலி மறுநாள் கூடுதலாகத் தயங்கும், அதாவது ஷாக் நன்றாக ஞாபகமிருக்கிறது.

பயிற்சிக்கு, அதாவது ஷாக்குக்கு, முன்பே ஊசி என்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

பிரேசிலில் நினைவு ஆய்வாளர் இவான் இஸ்கியர்தோ செய்ததையும் படியுங்கள்: மறுநாள் சோதனைக்குச் சற்றுமுன் மறுபடி எண்டார்ஃபின் கொடுத்தால் ‘மறந்த’ எலிக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் கட்டுரையில் ‘நினைவு அழிந்தது’ என்று எழுதிவிடாதீர்கள்.