அண்மையில் படித்த தமிழ்ப் புத்தகங்களில் எவை தேறும்? 21 நாளில் முடிக்க முடியுமா?

கேட்டவர் சிங்கப்பூரில் அலுவலக வேலையில் இருப்பவர். நாவல், துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, கட்டுரை, கவிதை என்று கலந்து பரிந்துரை வேண்டுமாம். கூடவே ஒரு குறை: நூலகத்தில் எடுக்கிற புத்தகமெல்லாம் பாதியோடு திரும்பிப் போகிறது என்கிறார். அந்தக் குறையைத் தீர்க்காமல் பட்டியல் போட்டுக் கொடுத்துப் புண்ணியமில்லை. துப்பறியும் கதை படிக்கிற வேகத்தில் 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரத்தைப் படித்தால் எவருக்கும் ஐம்பதாம் பக்கத்தில் மூச்சு முட்டும்.

முதலில் கணக்கு. தேசிய நூலக வாரியத்தின் இரவல் காலம் 21 நாள். அதில் வேலை நாள் பதினைந்து. எம்ஆர்டி ரயிலில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம் என்று வைத்தால் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். நின்றுகொண்டு போவது, வண்டி மாறுவது, வாட்ஸ்அப்பில் தொலைவது எல்லாவற்றுக்குமாகப் பாதியைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 10 மணி. இனி, புத்தகத்தின் 20ஆம் பக்கத்தைத் தாண்டிய பிறகு 15 நிமிடத்தில் எத்தனை பக்கம் ஓடுகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். முதல் பக்கத்தில் அளந்தால் தப்பாக வரும், எழுத்தாளரின் நடைக்குக் காது பழக நேரம் பிடிக்கும். 15 நிமிடத்துக்கு 8 பக்கம் என்றால் 21 நாளில் 320 பக்கம். 5 பக்கம் என்றால் 200தான். 

சிங்கப்பூரில் இருப்பவர் ஒன்றே ஒன்று படிப்பதானால் என் வாக்கு 'புயலிலே ஒரு தோணி'க்கு. 1972இல் வெளிவந்தது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர், போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல். ஜப்பானியர் காலத்து மேடானும் பினாங்கும் இந்திய தேசிய இராணுவமும் இதில் வருவது போல வேறெந்தத் தமிழ் நாவலிலும் வரவில்லை. ஆனால் இது 5 பக்க வேகத்துப் புத்தகம், முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். எடுத்த அன்றே ஒருமுறை தவணை நீட்டிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வேறு யாராவது முன்பதிவு செய்திருந்தால் நீட்டிக்க முடியாது, ஆகவே கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிப்பவர்கள் எங்கே பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது தெளிவு. கதாநாயகன் பாண்டியன் தென்கிழக்காசியத் தெருவில் நடந்துகொண்டே இருப்பான், அறிவிப்பே இல்லாமல் மதுரைத் தெருவுக்கோ சின்னமங்கலத்துச் சந்தைக்கோ போய்விடுவான். இடையில் 'அவன் நினைத்தான்' என்று ஒரு சொல் வராது. பல வாக்கியங்களுக்கு வினைமுற்றே இருக்காது, பெயர்கள் மட்டும் அடுக்கி நிற்கும். தெருவில் நடப்பவன் கண்ணில் படுவதை அப்படியே எழுதும் உத்தி அது. எங்கே இருக்கிறோம் என்று குழம்பினால் பின்னால் புரட்டாதீர்கள். ஊர்ப்பெயரோ கடைப்பெயரோ அடுத்துக் கண்ணில் படும் வரை ஓடுங்கள், தானாகத் தெளியும்.

புத்தகக்குறியாக ஓர் அட்டை வைத்து அதில் ஆறு தேதி எழுதிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். 1941 டிசம்பர்: பினாங்கு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15: சிங்கப்பூர். 1942 மார்ச்: மேடான். 1943 ஜூலை: நேதாஜி சிங்கப்பூரில் பொறுப்பேற்கிறார், அக்டோபர் 21இல் கேத்தே கட்டடத்தில் தற்காலிக அரசை அறிவிக்கிறார். 1945 செப்டம்பர் 12: இங்கே நகராட்சிக் கட்டடத்தில், அதாவது இன்றைய தேசியக் கலைக்கூடத்தில், ஜப்பானியர் சரணாகதியில் கையெழுத்திடுகிறார்கள். கதை தேதி சொல்லாமல் இவற்றின் மேல் நடந்து போகும்.

சொற்களில் நமக்கு ஒரு சலுகை உண்டு. மலாய்ச் சொல் வந்தால் சென்னை வாசகர் தடுக்கி விழும் இடத்தில் இங்கே ஈசூன் வட்டாரத்துக்காரர் நிற்காமல் போவார். செட்டியார் வட்டிக்கடைச் சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தாள் என்பவர் கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். பெட்டியடிப் பையன் எடுபிடி. தொழிலும் தூக்கமும் ஒரே கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியோடு நடந்த இடம் கிட்டங்கி. நம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் அப்படி வரிசையாக இருந்தவைதான்.

குறையும் உண்டு. பெண்கள் விலைமகளிராகவோ பழைய நினைவாகவோதான் வருகிறார்கள். பிற்பகுதியில் பாண்டியன் கொஞ்சம் சினிமா நாயகன் ஆகிவிடுகிறான். ஆனாலும் குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழித்துப்போடும் பேச்சுகளுக்காக மட்டுமே இன்னொரு தடவை படிக்கலாம். முன்னுரை எந்தப் பதிப்பில் இருந்தாலும் கடைசியில் படியுங்கள், முடிவை அங்கேயே போட்டு உடைத்துவிட வாய்ப்புண்டு.

இமையத்தின் 'செல்லாத பணம்' இதற்கு நேர் எதிர். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடல் எரிந்து புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். கதையில் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலில், பேச்சாகவே நடக்கிறது. பேச்சு என்பதால் 15 நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். 'சொன்னதையே சொல்கிறார்கள்' என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். உண்மைதான். மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறவர்கள் வேறு என்ன பேசுவார்கள்? அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லலில்தான் பணம் எப்படிச் செல்லாமல் போகிறது என்பது ஏறுகிறது. துண்டு துண்டாகப் படித்தால் அலுப்பு மட்டும் மிஞ்சும். சனி ஞாயிறு இரண்டு நாள் ஒதுக்கி நான்கு அமர்வில் முடியுங்கள். தீக்காய வருணனை கடுமையானது, சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். வீட்டில் அண்மையில் யாராவது மருத்துவமனையில் இருந்திருந்தால் இதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம்.

துப்பறியும் வகையில் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. மும்பையில் தனியார் துப்பறிவாளராக இருக்கும் சுதா குப்தாவின் மூன்று நீள்கதைகள். தடயம், சந்தேகம், கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழற்றல் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். யார் செய்தார் என்பதைவிட, ஒருவர் ஏன் வீட்டை விட்டுக் காணாமல் போனார் என்பதில்தான் ஆசிரியருக்கு அக்கறை. புதிரின் முடிச்சு தளர்வு என்பதே என் கருத்து, மனிதர்கள் அதை ஈடுகட்டுகிறார்கள். வாசிப்பு பழக்கம் விட்டுப்போனவர் திரும்பத் தொடங்க நல்ல புத்தகம். ஒரு கதையை இரண்டு நாள் பயணத்தில் முடிக்கலாம், கதைக்குக் கதை இடைவெளி விட்டாலும் எதுவும் மறந்து போகாது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வேடிக்கையான நிலையில் இருக்கிறது. 1980களில் எழுதப்பட்ட கதை நடப்பது 2021, 2022இல். அந்த எதிர்காலம் நமக்குக் கடந்த காலமாகிவிட்டது. ஆனபடியால் ஜோசியம் பலித்ததா என்று சரிபார்த்துக்கொண்டே படிக்கிற ஆசை வரும். அப்படிப் படித்தால் புத்தகம் சிறுத்துவிடும். பெயருக்கு இரண்டு எழுத்துதான் என்று அரசு கட்டளை போடுகிற நாட்டை, கண்ணால் யாரும் நேரில் பார்க்காத தலைவன் ஜீவாவை, கதாநாயகி நிலாவைவிட வேகமாக யோசிக்கும் இயந்திர நாய் ஜீனோவைப் பாருங்கள். இது வார இதழில் தொடராக வந்தது, ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியில் தொங்கி முடியும். ஒரே நாளில் ஐந்தாறு அத்தியாயம் விழுங்கினால் கொக்கிகள் சலித்துப்போகும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்பதே சரியான அளவு.

கட்டுரைக்குத் தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. உப்பு, எண்ணெய், பல்லாங்குழி என்று நாம் தினம் தாண்டிப்போகும் பொருள்கள்தான் தலைப்பு, ஒவ்வொன்றும் சில பக்கமே. பல்லாங்குழியைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால் மறுபடி அந்த ஆட்டத்தை விளையாட்டாகப் பார்க்க முடியாது. எல்லாரும் சமமான காயோடு தொடங்கி, ஒருவர் கையில் எல்லாம் சேர, மற்றவர் வெறுங்குழியோடு நிற்கும் ஆட்டம் அது. தனிச்சொத்து எப்படிப் பழக்கமாகிறது என்பதை அதில் காட்டுகிறார்.

இவரைப் படிக்கும்போது எச்சரிக்கை ஒன்று. சொல்லாராய்ச்சியை அப்படியே எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். 'சம்பளம்' என்ற சொல்லைச் சம்பா நெல், அளம் என்ற உப்பு இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறார். கேட்க அழகாக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியோ அதை வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் வடசொல்லோடு இணைக்கிறது. அந்த அகராதி சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டே படிக்கலாம். முடிவுகளைச் சந்தேகப்பட்டாலும் அவர் கேட்கும் கேள்விகள் கெட்டியானவை. நாளுக்கு இரண்டு கட்டுரை போதும். அதற்கு மேல் படித்தால் ஒன்றோடொன்று கலந்து எதுவும் நினைவில் நிற்காது.

கவிதைக்குக் குறுந்தொகை, உரையோடு. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி, மொத்தம் நானூற்றொரு பாட்டு. நாளுக்கு மூன்று என்றால் ஓர் இரவலில் 63 பாட்டு, அதுவே தாராளம். முறை மட்டும் மாற வேண்டும்: பாட்டைக் கடைசியிலிருந்து பிடியுங்கள். மூன்றாம் பாட்டில் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று தலைவி அடுக்கிக்கொண்டே போகிறாள். எது என்பதை மட்டும் சொல்வதில்லை. குறிஞ்சிப் பூவும் தேனும் மலைநாடனும் வந்த பிறகு, கடைசிச் சொல்லாக 'நட்பே' என்று வந்து விழுகிறது. அந்தச் சொல்லை முதலில் பார்த்துவிட்டு மேலே போனால் உரை இல்லாமலே முக்கால்வாசி புரியும். உரையை முதலில் படித்தால் பாட்டு செத்துவிடும்.

உள்ளூர் நூல் வேண்டுமென்றால் புதுமைதாசன் என்கிற பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. 1960களின் இறுதியில் வானொலியில் வந்த நகைச்சுவை நாடகத் தொடர். கம்பம் என்கிற கிராமத்துக் குடியிருப்பிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய காலம் அதில் பேசுகிறது. இதை மௌனமாகப் படித்தால் சப்பென்று இருக்கும். காதுக்காக எழுதியது, வீட்டில் இருவர் பாத்திரம் பிரித்து உரக்கப் படியுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் அச்சில் இல்லாதவற்றைத் தேடுகிறவர்கள் தமிழ் மின் மரபுடைமைத் திட்டத்தை மறக்க வேண்டாம். 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வந்த சுமார் 350 இலக்கிய நூல்கள் மின்வடிவில் நூலக வாரியத்தின் தளத்தில் இருக்கின்றன.

'தேடினேன், கிடைக்கவில்லை' என்பவர்களுக்கு இது. நூலகப் பட்டியலில் முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். வராவிட்டால் ஆங்கில எழுத்தில் தேடவேண்டும், ஆனால் நாம் பேஸ்புக்கில் எழுதும் மாதிரி எழுதினால் ஒன்றும் வராது. நூலகங்கள் வேறு முறையில் எழுத்துப்பெயர்க்கின்றன. சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி'தான். ஆகவே 'செல்லாத'வை 'சி'யில் தொடங்க வேண்டும், சுஜாதாவையும் அப்படியே. தகரத்துக்கு வெறும் 'டி' (t), பக்கத்தில் 'எச்' போடக்கூடாது, தோணிக்கும் அதே விதி. ழகரத்துக்கு 'இசட்' இல்லை, 'எல்'. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் ஒலி மாறினாலும் எழுத்து மாறாது: சிங்காரத்தில் 'ஜி' வராது, 'என், கே' வரும். அம்பையில் 'எம்'முக்குப் பிறகு b வராது, p வரும். இதுவும் குழப்பமாக இருந்தால் பதிப்பகத் தளத்தில் அட்டையின் பின்புறமிருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை எடுத்து ஒட்டிவிடுங்கள். ஆனால் அந்த எண் ஒரு பதிப்புக்கு மட்டுமே உரியது. சிங்காரத்தின் நாவல் போலப் பல பதிப்பகங்கள் வெளியிட்ட நூலுக்கு ஓர் எண்ணில் வராமல் போனால் இன்னொரு பதிப்பின் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது ஆசிரியர் பெயரில் தேடுங்கள்.