ஆரோக்கியமான குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி தேவையா?
"குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, ஊசி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் போடுங்கள் என்றே சொல்வேன். 5 வயதுக்குள், அதிலும் 2 வயதுக்குள், ஃப்ளூ நிமோனியா வரை போகலாம். வேறு நோயே இல்லாத குழந்தைகளும் மருத்துவமனையில் சேர வேண்டி வருகிறது.

இந்த ஊசி முழுக் கவசம் இல்லை, சில ஆண்டுகளில் பலன் குறைவாகவே இருக்கும். ஆனால் நோய் முற்றுவதைக் குறைக்கிறது. உள்ளே இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் காய்ச்சலோ வலியோ வரலாம்.

6 மாதம் முடிந்ததும் போடலாம். 9 வயதுக்குள் முதல் முறை போடுவதென்றால் 4 வார இடைவெளியில் 2 தவணை, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று.

வீட்டில் 6 மாதம் ஆகாத கைக்குழந்தையும் இருந்தால் தயங்கவே வேண்டாம். அதற்கு ஊசி போட முடியாது, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.