துருவக் கடற்பறவை ஆராய்ச்சிக்குக் கடலூரில் என்ன பயிற்சி?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிறேன். என் மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. படிக்கிறாள். அண்டார்க்டிகாவுக்குப் போய்ப் பென்குயின், கடற்பறவை ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பனியையே பார்த்திராத ஊர்ப் பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா? பெண்களை அனுப்புகிறார்களா? இதை நம்பி வருமானம் உண்டா? இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுத்தால் இதற்கு உதவும்?

பதில்:

ஐயா, எளிதாக விடை சொல்லக்கூடிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெண்களை அனுப்புகிறார்கள். 1983-இல் புறப்பட்ட மூன்றாவது இந்தியப் பயணத்திலேயே கடலியல் அறிஞர் அதிதி பந்த், புவியியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா ஆகிய இருவரும் அண்டார்க்டிகாவில் கால்வைத்துவிட்டார்கள். பின்னாளில் இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், குளிர்கால இருட்டையும் சேர்த்து ஓராண்டுக்கும் மேலாக அங்குள்ள இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்தில் தங்கிப் பணிபுரிந்தார். பனியைப் பார்த்திராததும் ஒரு குறையாகாது. குளிருக்கு உடலைப் பழக்கும் பயிற்சியைப் புறப்படுவதற்கு முன்பு பயணத்தை நடத்துபவர்களே அளிக்கிறார்கள். சில வாரங்களில் கற்றுக்கொடுக்க முடியாதவை வேறு. பறவையைப் பிழையில்லாமல் எண்ணுவதும், எண்ணியதைச் சலிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் எழுதிவைப்பதும், அந்த எண்ணிலிருந்து கடலின் நிலையை ஊகிப்பதும் அத்தகையவை. அவற்றைக் கடலூரிலேயே கற்கலாம் என்பதே என் கருத்து.

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாகக் கவிழ்ந்து விழும் இடத்தில் மீன் மேய்கிறது என்று பார்த்து வலை விடுவது நம் கரையில் பழைய வழக்கம். துருவக் கடலில் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கடலுக்கு அடியில் எவ்வளவு இரை இருக்கிறது என்று கப்பலில் போய் அளப்பதற்குச் செலவு மிகுதி. அதையும் ஆண்டில் சில வாரங்களுக்கு மேல் செய்ய முடியாது. பறவையோ நாள்தோறும் கடலுக்குப் போய்வருகிறது, தன் குஞ்சை வளர்க்க ஒரே கூட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, பல இனங்கள் இருபது முப்பது ஆண்டுகள் உயிர்வாழ்கின்றன. ஆகவே கூட்டின் அருகே உட்கார்ந்து பறவையைக் கவனிப்பவருக்குக் கடலின் வரவுசெலவு தெரியவருகிறது.

அங்கே அந்த இரையில் பெரும்பகுதி கிரில் என்னும் சிற்றுயிர். நம் வீடுகளில் சென்னாக்குன்னி என்று காயவைத்து வறுக்கிறோமே, பார்வைக்கு அதன் சாயல் உண்டு. ஆனால் இனம் வேறு. அண்டார்க்டிக் கிரில் ஆறு சென்டிமீட்டர் வரை வளர்கிறது, ஐந்தாறு ஆண்டுகள் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்பரப்பில் படரும் பாசியை மேய்ந்தே பிழைக்கின்றன. பனி குறைந்த குளிர்காலத்துக்குப் பிறகு இளம் கிரில் குறையக்கூடும்; அந்தக் குறை பெரிய கிரில்லில் தெரிவதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். பறவைக் கூட்டில் இன்று காணும் பசிக்குக் காரணம் முந்தைய ஆண்டுகளின் பனியாகவும் இருக்கலாம் என்பதால்தான் ஓராண்டுக் கணக்கை வைத்து யாரும் எதையும் சொல்லத் துணிவதில்லை.

ஏலக்கூடத்தில் தராசோடு நிற்பவருக்கு உடனே விளங்கக்கூடிய ஒரு முறை உண்டு. கிழக்கு அண்டார்க்டிகாவின் பெஷர்வேஸ் தீவில், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலிருந்து அடேலி பென்குயின்கள் கடலுக்கு இறங்கும் வழியில் ஒரு தானியங்கி எடைமேடையை வைத்திருக்கிறார்கள். தோலுக்கு அடியில் மின்னணு அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட பென்குயின் அதன் மேல் நடந்து போகும்போது, எந்தப் பறவை, என்ன எடை, போகிறதா வருகிறதா என்பதைக் கருவியே பதிந்துகொள்கிறது. கடலிலிருந்து திரும்பும் எடைக்கும் மறுபடி கடலுக்குப் போகும் எடைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து குஞ்சுக்கு ஊட்டிய இரை எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். கையால் பிடித்து, வயிற்றைக் கழுவி இரையை எடுத்துப் பார்த்த பழைய முறையைவிட இது பறவைக்கு எவ்வளவோ மேல். இவ்வாறு பல இடங்களில் சேரும் கணக்குகள் அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகின்றன. 1982-இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையின்படி இயங்கும் அந்த ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் ஆண்டுக்கு 6,20,000 டன்னுக்கு மேல் கிரில் பிடிக்கக் கூடாது என்பது போன்ற வரம்புகள் அங்கேதான் பேசப்படுகின்றன.

உங்கள் மகளிடம் ஒரு எச்சரிக்கையையும் சொல்லுங்கள். "பனி உருகுகிறது, பென்குயின் அழிகிறது" என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்கள் நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறார்கள். அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் பனியை நம்பி வாழும் அடேலி குறைந்துவருகிறது என்பது உண்மை. அதே இடத்தில் பனியற்ற நீரை விரும்பும் ஜென்டூ பென்குயின் பெருகித் தெற்கு நோக்கிப் பரவுகிறது. அதே தீபகற்பத்தின் வடமுனைக்கு அருகே உள்ள டேஞ்சர் தீவுகளில் ஏழரை இலட்சம் அடேலி இணைகள் இருப்பது 2018-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. பாறையில் படிந்த எச்சத்தின் கறையைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டு, பின்பு நேரில் போயும் டிரோனை விட்டும் எண்ணினார்கள். எந்த இனம், எந்த இடம், எத்தனை ஆண்டுக் கணக்கு என்று மூன்றையும் கேட்காமல் முடிவு சொல்லாதிருப்பதுதான் இத்துறையின் முதல் ஒழுக்கம்.

பறவை போகும் வழியை அறியும் கருவியைப் பற்றியும் அவள் நன்றாகப் படிக்கட்டும், ஏனெனில் அதில் பொதிந்துள்ள அறிவு எளியது, அழகானது. ஒளிப்பதிவான் என்று சொல்லத்தக்க அந்தச் சிறு கருவி வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் மட்டுமே குறித்துக்கொள்கிறது. நண்பகல் எத்தனை மணிக்கு வந்தது என்பதிலிருந்து தீர்க்கரேகையும், பகல் எவ்வளவு நீண்டது என்பதிலிருந்து அட்சரேகையும் கிடைக்கின்றன. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உலகெங்கும் பகலும் இரவும் சமமாகும் நாள்களையொட்டி அட்சரேகை கைவிட்டுப்போகும். சூரியன் மறையாத துருவக் கோடையிலும் அப்படியே. கருவி தானாகச் செய்தி அனுப்பாது என்பதால், அடுத்த ஆண்டு அதே பறவையை அதே கூட்டில் மறுபடி பிடித்தாக வேண்டும். கிரீன்லாந்தில் கூடுகட்டும் ஆர்க்டிக் ஆலாக்களின் காலில் 1.4 கிராம் கருவியைக் கட்டிப் பார்த்தபோதுதான் அவை ஓராண்டில் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து தென்துருவக் கடலுக்குப் போய்த் திரும்புவது 2010-இல் வெளிப்பட்டது. பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைக் கருவி தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்னும், நாற்பது கிராமைக்கூட எட்டாத பறவைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு கிராம் அளவே மிஞ்சும். அண்டார்க்டிகப் பாறை இடுக்கில் ஒற்றை முட்டையிடும் இந்தக் கருநிறப் பறவை, அங்கே குளிர்காலம் வரும்போது வடக்கே புறப்பட்டு இந்தியப் பெருங்கடலுக்கும் வருகிறது. வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டையோடு, நீர்மேல் கால் பாவி நடப்பதுபோல் இரை பொறுக்கும் சிறு பறவையை ஆழ்கடலுக்குப் போகும் உங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் யாரேனும் கண்டிருந்தால், தேதியையும் இடத்தையும் மகள் கேட்டுக் குறித்துவைக்கலாம்.

மீன்பிடிக் குடும்பங்களை அறிந்த பெண் என்பதும் அவளுக்கு ஒரு பலம். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலில் இரையைக் கொத்த வந்து மாட்டிக்கொண்டு மூழ்கி இறந்த ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகள், தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி 1990-களில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரவில் தூண்டில் விடுவது, கயிற்றில் எடை கட்டி விரைவில் அமிழச் செய்வது, படகின் பின்புறம் பறவையை விரட்டும் நாடாக்களைப் பறக்கவிடுவது ஆகியவற்றைக் கட்டாயமாக்கியதும், பறவைகள் கூட்டிலிருக்கும் மாதங்களில் அங்கே தூண்டில் விடுவதை நிறுத்தியதும் அந்தச் சாவு ஏறக்குறைய இல்லாமற்போனது. தூண்டில் எப்படி இறங்குகிறது என்று தெரியாத பறவையியலாளர் மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த வழிகள் பிறந்திருக்க முடியாது.

இனி போகும் வழி. கோவாவின் வாஸ்கோ நகரில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இந்தியப் பயணங்களை நடத்துகிறது. தனியாளாக விண்ணப்பித்துப் போவது அரிது; பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ ஒரு திட்டத்தை எழுதி அனுப்ப, அது ஏற்கப்பட்டால் அதன் ஆய்வாளர்கள் போகிறார்கள். ஆகவே மகள் தேட வேண்டியது அத்தகைய திட்டத்தை நடத்தக்கூடிய வழிகாட்டியை. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் அண்டார்க்டிகப் பறவைகளையும் பாலூட்டிகளையும் பற்றிப் பல பயணங்களில் ஆய்வு செய்திருக்கிறது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறையிலும் அவள் விசாரிக்கட்டும். நம் இரு நிலையங்களில் 1989-இல் அமைந்த மைத்ரி கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 2012-இல் திறந்த பாரதியோ கடற்கரையிலேயே இருப்பதால் கடற்பறவை ஆய்வுக்கு அதுவே வசதி. மருத்துவப் பரிசோதனையும், உத்தரகண்டின் அவுலியில் பனிப்பயிற்சியும் முடிந்த பிறகே பயணம். அங்கே அனுமதியின்றிப் பறவையை நெருங்குவதும் தொந்தரவு செய்வதும் 2022-ஆம் ஆண்டு இந்திய அண்டார்க்டிகச் சட்டப்படி குற்றம். பறவைக்காய்ச்சல் 2023 இறுதியில் தெற்கு ஜார்ஜியாவையும் 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிகத் தீபகற்பத்தையும் எட்டிவிட்டதால், செத்த பறவை எதையும் வெறுங்கையால் தொடாத பழக்கம் இப்போதே வரட்டும்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். துருவப் பறவை ஆய்வு என்ற பெயரில் நிரந்தரப் பணியிடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். அந்தத் தேர்வை எழுதாமல் இந்தக் கனவைத் தொடர நான் அறிவுரை சொல்லமாட்டேன். ஆர் என்னும் புள்ளியியல் கணினி மொழியும் செயற்கைக்கோள் வரைபடப் பயிற்சியும் கைவந்தால், துருவம் கிடைக்காவிட்டாலும் மீன்வளத்திலோ கடலோர ஆய்விலோ வேலை கிடைக்கும்.

ஆய்வேட்டுத் தலைப்புக்கு வருகிறேன். பறவையைப் பிடிக்கவும் வளையமிடவும் வனத்துறை அனுமதி தேவை, எம்.எஸ்சி. மாணவிக்கு அந்தச் சுற்று வேண்டாம், கண்ணும் இருகண் நோக்கியும் போதும். அக்டோபர் முதல் மார்ச் வரை வெள்ளாற்று முகத்துவாரத்திலும் கடலூர் துறைமுகத்திலும் வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று மீசை ஆலா, கொண்டை ஆலா, கடற்காகம், செம்பருந்து ஆகியவற்றை எண்ணட்டும். அதே நாளில் கரைக்கு வந்த கவலை, நெத்திலி, காரப்பொடி மீன்கள் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் எழுதட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது, படகுக் கழிவை நம்பி இங்கேயே வாழும் செம்பருந்துகள் எங்கே போகின்றன, எண்ணிக்கை குறைகிறதா என்று தொடர்ந்து பார்க்கட்டும். எண்ணும் கண்ணைப் பழக்க, பெங்குவின் வாட்ச் என்னும் இணையத் திட்டத்தில் அண்டார்க்டிகாவின் தானியங்கிப் படங்களிலுள்ள பென்குயின்களைத் தன்னார்வலராக வீட்டிலிருந்தே எண்ணிப் பார்க்கலாம். இரையின் வரத்தையும் பறவையின் எண்ணிக்கையையும் ஒட்டிவைத்துப் பார்க்கும் இந்த ஆய்வேட்டைத் துருவ ஆய்வுக் குழுவில் யார் படித்தாலும், தங்கள் வேலையைத்தான் இந்தப் பெண் வேறொரு கடலில் செய்திருக்கிறாள் என்று கண்டுகொள்வார்கள்.

ஆறு மாதத்தில் அவள் சேர்க்கக்கூடிய கணக்கு சிறியது. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எந்த மாதம் என்ன மீன் வந்தது என்பது உங்கள் ஏலக் கணக்கு நோட்டுகளில் இருக்கிறது. வழிகாட்டியிடம் காட்டும் வரையில் அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.